எதிர்வீட்டுக்குப் போன கீரைக்கட்டு

1

இந்தக் கதை ஒரே ஒரு தகவலிலிருந்து பிறந்தது: தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயத்தைக் காய்ந்த கடற்பாசி தன்மேல் பிடித்துக்கொள்ளுமாம். படித்த உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'கடல் தன் பச்சை விரல்களை நகரத்தின் தொண்டைக்குள் நீட்டி...'

வேண்டாம்.

'பனி பெய்துகொண்டிருந்தது.' (கதை நடக்கும் தெருவில் பனி பெய்ய வழியே இல்லை. மொழிபெயர்ப்பு நாவல் படித்துக் கெட்டுப்போன கை.)

2

நேராகவே சொல்கிறேன். பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைகள் நிறைந்த தெரு, கிணற்றில் ஈயம். நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, நீல டிரம் ஒன்றில் பாசியை அடைத்து, கிணற்று நீரை அதன் வழியே இறக்கினாள். தெரு சிரித்தது. "குப்பையில வடிகட்டுன தண்ணியக் குடிக்கணுமாம்!" சோதித்துக் காட்டி, கெஞ்சி, சண்டை போட்டு, இப்போது எல்லா வீட்டிலும் அந்தத் தண்ணீர்தான்.

(பாசி ஈயத்தை அழிப்பதில்லை. பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. அதனால் பழைய பாசியை அவள் மூட்டை கட்டித் தன் வீட்டு மாடியில் வைப்பாள். பரிசோதனைக்கூடத்து வண்டி வந்து எடுத்துப்போகும்.)

3

அவள் கணவனை வில்லனாக்கப் பார்த்தேன். மனசு வரவில்லை. மனிதர் மாடியில் கீரை வளர்க்கிறவர். கடற்பாசி நல்ல உரம் என்று யாருக்குத்தான் தெரியாது?

"கீரையப் பாத்தியா? பாசி போட்டேன், என்னமா தளதளன்னு வந்திருக்கு!"

"எந்தப் பாசி?"

"நீதான் சும்மா கட்டிப் போட்டிருந்தியே."

"ஐயோ, அதுல பூரா ஈயம்ங்க! பறிச்சிட்டீங்களா?"

"நமக்கு இன்னும் பறிக்கல. எதிர்வீட்டுப் பொண்ணு மாசமா இருக்காளேன்னு, முதல் கட்டு நேத்து அவளுக்கு..."

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

4

முதல் முடிவு: உண்மையைச் சொல்லிவிடுகிறாள். சாயங்காலத்துக்குள் 'பாசியே விஷமாம்' என்று தெரு டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, பழையபடி கிணற்றுக்கே போய்விடும்.

இரண்டாவது: "கீரையில பூச்சி, குடும்மா" என்று பொய் சொல்லி வாங்கிவந்துவிடுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பெண் ஏற்கெனவே கொஞ்சம் சாப்பிட்டிருந்தால்? பூச்சிக் கதையை வைத்துக்கொண்டு ஈயத்துக்கு வைத்தியம் பார்க்க எப்படி அனுப்புவது?

5

எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது.

"வாங்கக்கா! அண்ணன் குடுத்த கீரையில பாதிய நேத்தே ஆக்கிட்டேன், அவ்ளோ ருசி. மீதி இப்பத்தான் இறக்கினேன். ஏன் இப்படி வேர்த்திருக்கு? உக்காருங்க, தண்ணி குடிங்க. பயப்படாதீங்க, நீங்க சொன்ன தண்ணியத் தவிர வேற எதையும் நான் வாயில வைக்கிறதில்ல."

தம்ளரை வாங்கிக்கொண்டு அவள் வாயைத் திறக்கிறாள்.

"இந்தக் கீரை..."

அடுத்த வார்த்தை எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். அந்தப் பெண் தட்டு எடுத்து வைத்தாகிவிட்டது.