ஈரச் செம்மறிகளுக்குக் கூடிய கூட்டம்

டமார்!

தபாலாபீஸ் எதிரே மின்கம்பத்தில் நெருப்பு சிதறியது. அடுத்த நொடி ஹெதர்விக் கிராமம் மொத்தமும் இருட்டு. ஊருக்கு வெளியே, புல்வெளியில் போட்டிருந்த மேடை மட்டும் பளபளவென்று எரிந்தது. அதற்குத் தனி ஜெனரேட்டர்.

மேடையில் கிட்டாரோடு நின்ற டெஸ்மண்ட் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்தான். ஏற்கெனவே அவன் நிலைமை மோசம். 'ஈரச் செம்மறிகள்' என்ற தன் ராக் குழுவுக்காக அவனே ஓடியாடி ஏற்பாடு செய்த இசைவிழா அது. லண்டனிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஃபென்டன் வந்திருந்தார்.

"பாட்டு கிடக்கட்டும் தம்பி. ஜனங்க உன்னைத் தேடி வர்றாங்களான்னு பாக்கணும். வந்தா ஒப்பந்தம்" என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். வராவிட்டால்? திங்கட்கிழமை முதல் மாமாவின் கம்பளக் கடையில் அளவு நாடாவோடு நிற்கவேண்டியதுதான்.

வந்ததோ ஒரு கைப்பிடி ஆட்கள். அதிலும் பாதிப்பேர் குழுவினரின் காதலிகள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாடுகளே அதிகம்.

தப்பு டெஸ்மண்டுடையதுதான். அன்றைக்குத்தான் 'கேரவே மாளிகை' டிவி தொடரின் கடைசிப் பகுதி. கர்னலுக்கு விஷம் வைத்தது யார் என்று தெரியாமல் அந்த எழுபத்தெட்டாம் வருஷ வசந்தத்திலிருந்தே நாடு தூங்கவில்லை. பாதிரியார்கூடப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். டெஸ்மண்டின் அம்மா மூரியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவன் அப்பா ஏணியிலிருந்து விழுந்த அன்றுகூட, "கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருங்க, விளம்பரம் வரட்டும்" என்றவள் அவள்.

காலையில் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டா, போயும் போயும் இன்னிக்கா வைப்பே? ஈ காக்கா வராது. உன் இரைச்சலுக்கு மாடுதான் தலையாட்டும்."

இப்போது இருட்டிலிருந்து டார்ச் வெளிச்சங்கள் புறப்பட்டன. பத்து, இருபது, அப்புறம் எண்ண முடியவில்லை. செருப்பும் இரவு உடையும் தலையில் முடியைச் சுருட்டும் உருளைகளுமாக ஊரே புல்வெளியை நோக்கி வந்தது.

ஃபென்டன் வாயைப் பிளந்தார். "பெரியவங்கல்லாம் படுக்கையிலேருந்து அப்படியே எழுந்து வர்றாங்களேப்பா!"

டெஸ்மண்ட் ஓரடி பின்வாங்கினான். கொலைவெறியோடு வந்த கூட்டம், நுழைவாயிலில் கட்டியிருந்த கயிற்றைக் கண்டதும் தானாக வரிசையில் நின்றது. ஒருத்தரை ஒருத்தர் முந்தாமல், "நீங்க முதல்ல", "பரவாயில்லை, நீங்க போங்க" என்று மரியாதையாக உள்ளே வந்து, அதற்குப் பிறகுதான் கத்தத் தொடங்கியது.

முதலில் தபாலாபீஸ் மிஸ் ஹில்டா. "கீழே இறங்குடா! கொலைகாரன் பேரைச் சொல்ல அந்த இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கிறார், உன் கிட்டார் கரண்ட்டை முழுங்கிடுச்சு!"

"மிஸ் ஹில்டா, எங்களுக்குத் தனி ஜெனரேட்டர். உங்க கரண்ட்டைத் தொடவே இல்ல."

"வேற யாரு தொட்டா? போன வருஷம் அரசியோட வெள்ளிவிழாவுக்குப் ஊர்ப் பொதுக்கூடத்துல மூணு டீ பாய்லரையும் ஒண்ணாப் போட்டு ஊரை இருட்டாக்கினாங்க. அதனாலதான் பொறுப்பானவ கையில இருக்கட்டும்னு கூடத்துச் சாவியை உங்கம்மாகிட்ட கொடுத்தோம். அப்ப மிச்சம் நீதானே!"

கூட்டம் நெருங்கியது. யாரோ ஒருவர் குடையை ஓங்கினார். டிரம்ஸ்காரன் நைஜல் தாளத்தட்டுக்குப் பின்னால் ஒளிந்தான். டெஸ்மண்டுக்கு வேறு வழி தோன்றவில்லை. விரல் போன போக்கில் 'கேரவே மாளிகை'யின் தொடக்க இசையை வாசித்தான்.

குடை பாதியில் நின்றது. சுருட்டை உருளைகள் மெல்ல அசைந்தன. நைஜல் எழுந்து தாளம் சேர்த்தான். ஹில்டா முணுமுணுக்க ஆரம்பித்து, பிறகு வாய்விட்டே பாடினாள். முடிந்ததும், "இன்னொரு தடவை!" என்று ஊரே கத்தியது. வழக்கம்போல மழையும் வந்தது. ஒருத்தரும் நகரவில்லை.

நான்காவது முறை வாசித்து முடித்தபோது ஃபென்டன் தொப்பலாக நனைந்தபடி மேடையேறிக் கையைக் குலுக்கினார். "திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்துடு தம்பி. செருப்போட ஓடிவர்ற ரசிகர்களை நான் எங்கேயும் பார்த்ததில்ல."

அவர் இறங்கியதும், மேடைக்குப் பின்னால் மழைக்கோட்டோடு அம்மா நின்றிருப்பதை டெஸ்மண்ட் பார்த்தான். ஒரு பகுதிகூடத் தவறவிடாதவள். கிட்டாரோடு அவளிடம் ஓடினான்.

"அம்மா, கடைசி நிமிஷத்துல உனக்கும் போயிடுச்சு. சத்தியமா எங்களால இல்லம்மா."

மூரியல் கைக்குட்டையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, பொதுக்கூடத்துச் சாவியைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"தெரியும்டா. கர்னலைக் கொன்னது யாருன்னுதான் இனி சாகறவரைக்கும் எனக்குத் தெரியாது, கரண்ட்டைக் கொன்னது யாருன்னு நல்லாவே தெரியும்."