மெதப்பின் கூறு

பழவேற்காட்டு ஏரியில் முப்பத்தெட்டு வருஷம் படகு தள்ளிய குப்பனுக்கு முட்டி இரண்டும் ஒரே நாளில் ராஜினாமா செய்தன. அவருடைய நாய் மெதப்புக்குக் கால் போக மேலும் இரண்டு வருஷம் ஆனது. நாய்க்கு முட்டி நான்கு, அதனால் தாங்கியது என்பது குப்பனின் கணக்கு.

எழுபத்தைந்தாம் வருஷம் தை மாசம் முதல் இருவருக்கும் உத்தியோகம் வீட்டில்தான். பின்வாசல் காற்றில் குப்பன் வலையின் கிழிசலை முடிவார். மெதப்பு அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். கால் மரத்துப் போனாலும் அவர் எடுப்பதில்லை.

அது வந்த கதையைக் குப்பன் இப்படித்தான் சொல்வார். அறுபத்தாறில் புயல் அடித்த மூன்றாம் நாள் ஏரி நடுவில் ஓர் ஓலைக்கூரை மிதந்து வந்தது. கூரைமேல் இந்த நாய். பக்கத்தில் அடைகாக்கும் கோழி ஒன்று. பசியில் உடம்பு நடுங்கியும் நாய் முட்டையைத் தொடவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், பதினொன்றும் சரியாக இருந்தது. படகில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் கோழி ஞாபகமில்லை. அவர்களுக்கு எப்போதுமே ஞாபகசக்தி கம்மி. வலை மிதப்பு மாதிரி முங்காமல் வந்ததால் மெதப்பு என்று பேர் வைத்தார்கள்.

கரைக்கு வந்ததும் மீனைக் கூறு போடுவார்கள். படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. ஒருவன் முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு கூறின் மேல் கை வைத்து, "இது யாருக்கு?" என்பான். நிற்பவன் ஒரு பேரைச் சொல்வான். சொன்னது சொன்னதுதான், அப்பீல் கிடையாது. படகில் உட்கார்ந்து வந்ததால் அன்றைக்கே மெதப்புக்கும் ஒரு கூறு விழுந்தது. எட்டு வருஷமாக அது தன் பேருக்கு விழுந்த மீனைத் தவிர எதையும் தின்றதில்லை. குப்பன் வீட்டோடு தங்கிய பிறகும் தினம் தனியாகக் கரைக்குப் போய் வந்தது.

"மாமனுக்குப் பென்ஷன் இல்ல, நாய்க்குக் கீது" என்பான் இப்போது படகை ஓட்டும் தங்கை மகன் பரசுராமன்.

பின்னங்கால்கள் விழுந்ததும் கரை நின்றது. கரையோடு சோறும் நின்றது. பரசுராமன் மீனை வீட்டுக்கே கொண்டுவந்து போட்டான். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதுவாயல் டீக்கடை பன்னை வரவழைத்தும் பார்த்தார்கள். கூடையில் தூக்கிப் போகலாம் என்றால் கூடையைக் கடித்தது. கூடையில் மீன்தான் போகும், ஆள் போகாது என்பது அதன் கட்சி.

"நாலு நாளாச்சு. நாளைக்குத் தாங்காதுய்யா" என்றாள் குப்பனின் மனைவி கங்கம்மாள். எட்டு வருஷமும் அதைத் திட்டித் தீர்த்தவள்தான் தன் பழைய புடவையை அதற்கு விரித்துப் போட்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை குப்பன் தரையில் மடவை மீனை மூன்று கூறாக வைத்தார். நாய் தலையைத் தூக்கியது. நடுக்கூறைத் தொட்டு, "இது யாருக்கு? மெதப்புக்கு!" என்றார். நாய் தலையைக் கீழே வைத்துவிட்டது. தொட்டவனே பேர் சொன்னால் அது கள்ளக்கூறு. நாய்க்குத் தெரியாதா?

"கங்கம்மா, இங்க வாமே. வந்து திரும்பி நில்லு."

"இன்னாத்துக்கு? உன் மூஞ்சியப் பாக்காம இருக்கவா? அத நான் தெனமும்தான் பண்றேன்."

"கூறுக்குப் பேர் சொல்லணும்மே."

"பொம்பள கூறு சொன்னது எந்த ஊர்ல கீது?"

"மீன வச்சிக்கினு நாய் பட்னி கெடக்கறது எந்த ஊர்ல கீது?"

அவள் கை கழுவிவிட்டு வந்து கதவைப் பார்த்து நின்றாள். நாய் மறுபடி தலையைத் தூக்கியது.

"இது யாருக்கு?"

"எனுக்கு."

"இது யாருக்கு?"

"அவுருக்கு."

நாயின் தாடை தரையைத் தொட்டது. கரையில் "எனுக்கு" செல்லும்; "அவுரு" என்று ஒருவரும் கிடையாது. பேர் வேண்டும்.

குப்பனுக்கு வியர்த்தது. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அவள் வாயில் அவர் பேர் வந்ததில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தவள்.

"வேணாம், உடு" என்றார்.

கங்கம்மாள் தோளுக்கு மேலாக நாயைப் பார்த்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் வாயை மூடினாள்.

"கேளு."

"இது... யாருக்கு?"

"குப்பனுக்கு."

வெளியே வேலியிலிருந்த காக்காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்ததாகக் குப்பன் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

"இது யாருக்கு?"

"மெதப்புக்கு!"

நாய் முன்னங்காலால் உடம்பை இழுத்து வந்தது. முதல் மீனை மெதுவாக மென்றது. அப்புறம் அவ்வளவு மெதுவாக இல்லை. கங்கம்மாள் திரும்பவேயில்லை; தோள் மட்டும் குலுங்கியது. குப்பன் எழுந்து நின்றிருந்தார். முட்டி வலித்ததா என்று அவருக்கு ஞாபகமில்லை.

மறுநாள் அவர் பல் துலக்கி வருவதற்குள் மூன்று கூறும் தயாராக இருந்தன. கங்கம்மாள் கதவைப் பார்த்து நின்றிருந்தாள். நாயின் வால் தரையைத் தட்டியது.

"இது யாருக்கு?"

"குப்பனுக்கு."

"இது யாருக்கு?"

"குப்பனுக்கு."

நாய் உறுமியது.

"சும்மா கெட நாயே, சொல்லிப் பழகறேன்" என்றாள் கங்கம்மாள்.