விமானம் போகாத தீவு

பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறி நின்றார் வேலுமணி. பெட்டி மறைத்ததால் அவருக்கு எண் தெரியவில்லை. மருமகள் சண்முகப்ரியா தரையில் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“நூத்தி எண்பத்தாறு பவுண்டுங்க மாமா.”

“அதுல நான் நூத்தி நாப்பது. மிச்சந்தான் பொட்டி. இன்னும் எடமிருக்குது அம்மிணி, அந்த இட்லிப் பொடிய வெச்சுரு.”

“கிரீஸ்ல இட்லிக்கு எங்கங்க போறது?”

“ரொட்டி இருக்குமல்ல? ரொட்டிக்குத் தொட்டுக்குங்க. கண்ட ஊர்ல கண்டதத் தின்னுக்கிட்டு இருக்க முடியாது.”

ப்ரியா சிரித்துக்கொண்டே பொடியை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. இடது தாடையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

“இன்னும் பல்லு வலிக்குதுங்களா? டென்டிஸ்ட்டுக்கு ஃபோன் பண்ணட்டுங்களா?”

“கிராம்பு வெச்சிருக்கறேன். நாளன்னைக்கு நாகமணியக் கூட்டிட்டுப் போய்க்கறேன். நீ உன்ற வேலையப் பாரு.”

மறுநாள் சாயங்காலம் ஃபிளைட். கென்னடி ஏர்போர்ட்டில் ஏறி ஏதன்ஸ், அங்கிருந்து துறைமுகம், துறைமுகத்தில் கப்பல், கப்பல் இறங்கினால் தீவு. ப்ரியாவும் அவள் கணவன் இளமாறனும் அங்கே நான்கு நாள் இருக்கப் போகிறார்கள். அதுவரை மாமனாருக்குத் துணையாக இருக்க ஹூஸ்டனிலிருந்து இளமாறனின் அக்கா நாகமணி வந்துகொண்டிருந்தாள். அவளை அழைத்துவர இளமாறன் நூவர்க் ஏர்போர்ட் போயிருந்தான்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் கிடைத்த லீவெல்லாம் காங்கேயத்துக்கே போனது. ஒரு வருஷம் கல்யாணம், ஒரு வருஷம் காதுகுத்து, ஒரு வருஷம் வாய்க்கால் தகராறு. புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமாகப் போய்வந்த இடம் என்று பார்த்தால் எடிசனில் இருக்கும் மளிகைக் கடைதான். மகள் கயல் பாஸ்டனுக்குப் படிக்கப் போன பிறகும் அதே கதைதான். இந்த வருஷம் ஆபீஸில் உலகமே இரண்டாயிரம் ஜனவரி முதல் தேதியோடு நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இளமாறன் ராத்திரியெல்லாம் பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்க வருஷத்தை நான்கு இலக்கமாக்கிக்கொண்டிருந்தான். லீவு கேட்கவே பயந்தவனை வேலுமணிதான் கேட்க வைத்தார். “நீ நாலு நாள் இல்லீன்னா உலகம் நின்னு போயிருமாக்கும்” என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு வாரம் விடாமல் கேட்டால் அவனும் என்ன செய்வான்?

தீவைத் தேர்ந்தெடுத்ததும் அவரேதான். பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கும் மனுஷர். லைப்ரரிக்கு நடந்துபோய் படம் போட்ட புத்தகங்களாகப் புரட்டினார். எல்லோரும் போகும் பெரிய தீவு வேண்டாம், அங்கே ஒரே கூத்து என்று தள்ளிவிட்டார். விமானம் இறங்காத ஊராக, கார் அதிகம் ஓடாத ஊராக வேண்டும் என்று தேடி ஃபோலெகாண்ட்ரோஸ் என்ற ஒன்றைப் பிடித்தார். படத்தைப் பார்த்த ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்லை அடுக்கிய வேலி, வெள்ளாடு, கழுதை, சப்பாத்திக்கள்ளி. கடலை மறைத்துவிட்டால் அசல் காங்கேயம்தான்.

“இதப் பாக்கறதுக்கா மாமா இத்தன தூரம்?”

“ஆடு அதே ஆடுதான் அம்மிணி. ஆனா ஒருத்தனும் வந்து பங்காளி சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணக் கூப்பட மாட்டான்.”

அந்த ஒரு வாக்கியத்தில் அவள் விழுந்துவிட்டாள். நான்கு நாள் யாருக்கும் சமைக்க வேண்டாம். யாரும் கூப்பிட மாட்டார்கள். வெள்ளைச் சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கலாம். நாற்பத்திரண்டு வயதில் விடிவதற்கு முன்னால் எழுந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புதிதாக வாங்கிய ஓலைத் தொப்பியைப் போட்டுக் கண்ணாடி பார்த்தாள். வேலை பார்க்கும் பேங்கில் கவுன்டரில் நிற்கும்போதுகூடக் கப்பல் நேரம்தான் மனசில் ஓடியது. கூடவே பயமும் இருந்தது. ஏதாவது வரும், வந்து இதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று ஃபோன் அடிக்கும்போதெல்லாம் பயந்தாள்.

அந்தப் பயத்தில் வேலுமணி அவளுக்கு மேலே இருந்தார். காரணம் கொடைக்கானல். கல்யாணமான புதிதில் அவரும் அத்தையும் கொடைக்கானல் போகக் கிளம்பினார்கள். பழனி பஸ்ஸுக்குச் சொல்லிவைத்து, போஸ்ட் மாஸ்டர் வீட்டில் ஸ்வெட்டர் இரவல் வாங்கி, அத்தை அதை இரண்டு முறை போட்டும் பார்த்துவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவருடைய பெரியப்பா போய்ச் சேர்ந்தார். வருஷம் திரும்பும்வரை எங்கேயும் போகக் கூடாது என்றார்கள். வருஷம் திரும்பியபோது நாகமணி வயிற்றில். அப்புறம் மாடு, பள்ளிக்கூடம், கடன், இளமாறன் என்று நாள் ஓடிவிட்டது. அத்தை கொடைக்கானலைப் பார்க்காமலே மூன்று வருஷத்துக்கு முன் கண்ணை மூடினாள்.

“தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லாட்டம் உக்காந்திருந்த மனுசன், ஒரு வாரம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா?” என்று இன்றைக்கும் பெரியப்பா திதியன்று திட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

பெட்டி கட்டி முடித்துவிட்டு ப்ரியா ராத்திரித் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் வேலுமணி பாஸ்போர்ட்டுகளைப் பையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தாள். சோபாவில் சாய்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. முகம் சாம்பலாக இருந்தது.

“மாமா!”

மாவுக் கையோடு ஃபோனை எடுத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

“வெய்யி அம்மிணி. ஒண்ணுமில்ல. நாகமணி வந்துருவா. நீங்க நாளைக்குப் போயிருங்க, பொறகு பாத்துக்கலாம்.”

“நீங்க பேசாதீங்க மாமா” என்று அவள் 911 அடித்தாள். அவர் கையை நெஞ்சின்மேல் வைத்து, கண்டிப்பான குரலில், “ஒரு நாள் பொறுத்துக்கறதுக்கு என்ன கேடு” என்றார். அதை அவளிடம் சொன்னாரா, நெஞ்சிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

இளமாறனும் நாகமணியும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இது இன்றைக்கு வந்த வலி இல்லை, இரண்டு மூன்று நாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். தாடை வலி என்று ஏதாவது சொன்னாரா? ப்ரியா ஆமென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. உடலை ஃபியூனரல் ஹோமில் வைத்திருந்தார்கள், தகனம் சனிக்கிழமை. கயல் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பக்கத்து பில்டிங் பவளம் ஆன்ட்டி பெரிய அலுமினிய டிரேயில் உப்புமா கொண்டுவந்து கிச்சனில் வைத்திருந்தார். இரண்டு பெட்டிகளும் ஹால் நடுவிலேயே நின்றன. நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. வருகிறவர்களெல்லாம் அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்து கார்ப்பெட்டில் உட்கார்ந்தார்கள்.

“அஸ்தி எடுத்துட்டு இண்டியா போறீங்களா? அதுக்குள்ள பேக் பண்ணிட்டீங்களே” என்றார் ஒருவர்.

ப்ரியா அழுதாள். அழ ஆரம்பித்தால் நிற்கவில்லை. பவளம் ஆன்ட்டி அவள் முதுகைத் தடவியபடி மற்றவர்களிடம், “மாமனாருக்கு இப்படி அழற மருமகளை நான் பார்த்ததே இல்ல. பெத்த பொண்ணு கூட இப்படி அழ மாட்டா” என்றார். பெற்ற பெண் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். நாகமணியின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

ப்ரியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் மாமாவுக்காகத்தான் அழுதாள். எடை மெஷின்மேல் பெட்டியோடு நின்ற மனுஷரை நினைத்து நினைத்து அழுதாள். ஆனால் அதற்கு நடுவில், இன்றைக்குச் சாயங்காலம் அந்த ஃபிளைட் நாமில்லாமல் கிளம்பிவிடும் என்றும் அழுதாள். ஒரு அழுகையிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க அவளால் முடியவில்லை. தீவு போய்விட்டதே என்று ஒரு மனுஷி சாவு வீட்டில் அழலாமா? அழுதுகொண்டுதான் இருந்தாள்.

வந்தவர்களில் பலர் கிளம்பிப் போனார்கள். பவளம் ஆன்ட்டி மட்டும் ப்ரியா பக்கத்திலேயே இருந்தார். இளமாறன் ஜன்னல் பக்கம் நின்றபடியே ஆரம்பித்தான்.

“மூணு நாளா தாடை வலின்னிருக்காரு. நீ லீவு போட்டு வீட்லதான இருந்தே? அவரைக் கவனிக்கவே இல்லையா? தொப்பி வாங்கப் போக டைம் இருந்துச்சு. எப்பப் பாரு தீவு, தீவு, தீவு.”

அவன் சொன்னதைத்தான் ப்ரியாவும் ராத்திரி முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அவளச் சொல்லாத தம்பி” என்றாள் நாகமணி.

அவன் திரும்பினான்.

“எனக்குத் தெரியும். செவ்வாக்கெழமையே எனக்கு ஃபோன் பண்ணுனாரு. நெஞ்சுல என்னமோ பண்ணுதுன்னாரு. டாக்டர்கிட்டப் போங்கப்பான்னேன். நீ வா, அவங்க ஏறிப் போகட்டும், அடுத்த நிமிசம் நீயும் நானும் போலாம்ங்கறாரு. தம்பிகிட்டச் சொன்னீன்னா இனி உன்ற ஃபோனையே எடுக்க மாட்டேன்னுட்டாரு.”

“நீ சொல்லியிருக்கலாமில்லக்கா.”

“சொல்லியிருக்கோணும்” என்றாள் நாகமணி. குரல் சமமாகத்தான் இருந்தது, கைதான் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தது. “என்னடா பண்றது, அந்த மனுசன் கெஞ்சுனாரு. வாழ்க்கையில எங்கிட்ட ஒண்ணு கேட்டதில்ல. ‘எங்க பெரியப்பன் பண்ணுன வேலைய நான் பண்ண மாட்டேன் கண்ணு’ன்னாரு. கொடைக்கானல் கதைய ஆதியோட அந்தமா மறுபடியும் சொன்னாரு. ரெண்டு நாள்தானேன்னு நானும் விட்டுட்டேன்.”

இளமாறன் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். ப்ரியா எழுந்து அவனிடம் போகலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது.

டிராவல் ஏஜென்ட் திருமூர்த்தி. விஷயம் கேள்விப்பட்டுத் துக்கம் விசாரித்தார். ஃபோனை எடுத்த இளமாறன் “ம், ம்” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு ரிசீவரைக் கையால் பொத்தினான்.

“மத்தியானத்துக்குள்ள ஏர்லைனுக்குச் சொல்லணுமாம். கேன்சலா, இல்ல டேட் சேஞ்ச் பண்ணிக்கறதான்னு கேக்கறாரு.”

“இதென்னப்பா கேள்வி, வருஷம் திரும்பாம எப்படி...” என்றார் பவளம் ஆன்ட்டி.

ப்ரியாவுக்குத் தெரிந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லோரும் அவளை நல்ல மருமகள் என்பார்கள். வருஷம் திரும்பும்போது வேறொன்று வரும். அத்தைக்கு வந்ததுபோல் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும்.

“தேதி மாத்தச் சொல்லுங்க” என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

பவளம் ஆன்ட்டியின் கை அவள் முதுகைவிட்டு நகர்ந்தது. இளமாறன் அவளைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். ரிசீவருக்குள் திருமூர்த்தி “ஹலோ, ஹலோ” என்பது எல்லோருக்கும் கேட்டது.

நாகமணி முழங்காலில் கையூன்றி எழுந்தாள். மெதுவாகக் கிச்சனுக்குப் போனாள். அங்கே எடிசன் கடைக்காரன் கொடுத்த தமிழ் காலண்டர் தொங்கியது. ஒரு தாளைத் தூக்கி அடுத்த மாதத்தில் விரலை ஓட்டினாள். கண்ணாடி போடாததால் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். காரியம் முடிகிற நாளைத் தாண்டி விரல் நகர்ந்தது, ஓரிடத்தில் நின்றது.

“செவ்வாக்கெழம கெளம்ப வேண்டாம். புதன்கெழம போடச் சொல்லு” என்றாள். “ராவுகாலம் மத்தியானத்தோட போயிருது. சாயங்கால ஃபிளைட்டுன்னா பரவால்ல.”

இளமாறன் ரிசீவரிலிருந்து கையை எடுத்தான். “புதன்கெழம போட்டுருங்க” என்றான் ஃபோனில். “ஆமாங்க, ரெண்டு பேர்தான்.”

அப்போதுதான் ப்ரியாவுக்குப் பசி தெரிந்தது. நேற்று மதியத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கிச்சனுக்குப் போய் டிரேயின்மேல் மூடியிருந்த ஃபாயிலைப் பிரித்தாள். பேப்பர் பிளேட்டில் உப்புமாவை வைத்து நாகமணியிடம் நீட்டினாள்.

“சாப்பிடுங்க அண்ணி.”

நாகமணி பிளேட்டை வாங்கிக்கொண்டாள்.

“உனக்கும் போட்டுக்க” என்றாள்.

இருவரும் அடுப்புக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்கள். ப்ரியா இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.