பெரிய கொட்டாவி வீடு

அந்தப் பெயரைத் தன் வாசலுக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது அழகுமுத்துவின் உத்தரவு. அதிலும் இன்று, மகள் பிரேமினியைப் பெண் பார்க்க நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஆட்கள் வரும் நாளில், மூச்சே விடக் கூடாது.

அரசாங்கக் காகிதத்தில் அந்தக் குடும்பத்துக்கு அப்பன் பெயரின் முதலெழுத்து போதும். தேயிலைத் தோட்டத்துக்குத்தான் அது போதவில்லை. அழகுமுத்துவின் தாத்தா ஒருநாள் ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரையின் முகத்துக்கு நேரே வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். துரைக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு மேற்பார்வை பார்த்த கண்டாக்கையாவுக்கு, பிறகு நின்ற முந்நூறு பேருக்கும். அன்று கொழுந்து பறிக்கப் போகவே அரை மணி நேரம் தாமதம். அதிலிருந்து மூன்று தலைமுறையாக அது ‘கொட்டாவி வீடு’.

மாப்பிள்ளையின் தகப்பனார் சோமசுந்தரத்திடம் அழகுமுத்து அதைச் சொல்லவில்லை. “அழகுமுத்து வீடுன்னு கேளுங்க, கொழந்தையும் காட்டும்” என்றுதான் சொல்லியிருந்தார்.

மணி நாலாகியும் வேனைக் காணோம். நாலரைக்கு ராகு காலம். போன் அடித்தது.

“ஐயா, சோமசுந்தரம் பேசுறேங்க. கோயிலடியில நிக்கிறோம். நாலு பேருகிட்ட கேட்டாச்சு. அழகுமுத்துன்னு ஒரு ஆளே இந்தத் தோட்டத்துல இல்லைங்கிறாங்க.”

பிறந்து எழுபது வருஷம் இங்கேயே இருக்கும் மனிதருக்கு எப்படி இருக்கும்! போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்,” என்றாள் மனைவி ராசம்மா.

“நம்ம வீட்டு மானத்த நானே ஏலம் போடவா?”

“அப்பா, நான் வேணும்னா ஓடிப்போயி கூட்டிட்டு வரவா?” உள்ளிருந்து பிரேமினி சிரித்தாள்.

“பொண்ணே போயி மாப்பிள்ளைய இழுத்துட்டு வா! அதுவும் ஒண்ணுதான் பாக்கி.”

போனுக்குள் யாரோ ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “பொண்ணு பாக்கவா வந்தீங்க? அப்ப கொட்டாவி வீடாத்தான் இருக்கும். வாங்க, காட்டுறேன். கந்தப்பண்ணன் மக நிலக்ஷி, தங்கமான புள்ள!”

கந்தப்பன் அழகுமுத்துவின் தம்பி. அவனும் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருக்கிறான். வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“நிறுத்துங்க!” அழகுமுத்து போட்ட கூச்சலில் வரிசை வீட்டு லயமே வாசலுக்கு வந்துவிட்டது. “அது சின்னக் கொட்டாவி வீடுங்க! நாங்கதான் பெரிய கொட்டாவி! தாத்தா குடியிருந்த காம்பரா எங்ககிட்ட! தொரையவே கொட்டாவி விட வச்ச பரம்பரைங்க இது! அவன் எளையவன், அந்தப் பேருல அவனுக்கு எங்களுக்குப் பொறகுதான் பாத்தியதை!”

கத்திய வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போனை ராசம்மாவின் கையில் திணித்தார். சோமசுந்தரம் அடக்கிய சிரிப்போடு ஏதோ சொன்னது அவள் காதில் மட்டும்தான் விழுந்தது.

ஐந்தே நிமிஷத்தில் வேன் வாசலுக்கு வந்து நின்றது. அழகுமுத்து மனைவியின் பக்கம் குனிந்தார்.

“போன வைக்கும்போது என்னா சொன்னாரு?”

“‘வந்துட்டோம், கொட்டாவி ஐயா’ன்னாரு.”

“‘பெரிய’வும் சேத்தா?”

“சேத்துத்தாங்க.”

“அப்ப சரி,” என்று சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சம்பந்தியை வரவேற்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.