ஆட்காட்டி விரல்

கணக்கு வாத்தியாரின் முழங்கை மடிப்பில் அவள் வைத்த பஞ்சு மூன்றாவது முறையும் சிவந்தது. ஊசியை எடுத்து ஐந்து நிமிடம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. புதுப் பஞ்சை வைப்பாள், அழுத்துவாள், எடுத்துப் பார்ப்பாள், மறுபடி சிவப்பு. வெளியே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த கூட்டம் இன்னும் எவ்வளவு நேரம் என்று முனகத் தொடங்கியிருந்தது. பசித்தவனிடம் பொறுமையைப் பற்றிப் பேச முடியுமா?

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'வலிக்காத அக்கா'. பெயர் சும்மா வந்துவிடவில்லை. மற்றவர்கள் ரத்தக்குழாயைக் கண்ணால் தேடுவார்கள். அவள் விரலால் தேடுவாள். இடது கையுறையில் ஆட்காட்டி விரலின் நுனியை மட்டும் கிள்ளி எறிந்துவிடுவாள். கூடாதுதான். ஆனால் ரப்பருக்குள் அடைபட்ட விரலுக்கு என்ன தெரியும்? பட்டையை இறுக்கிக் கட்டி, விரலை வைத்து, கண்ணை மூடினால் போதும், தோலுக்கு அடியில் மெத்தென்று எழும்பும் குழாய் தானாக வந்து விரலைத் தொடும். சிறுநீரகக் கோளாறுக்காக மாதாமாதம் வரும் இந்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்குக் குழாய்கள் எல்லாம் எங்கேயோ உள்ளே போய் ஒளிந்துகொண்டுவிட்டன. அவர் வேறு யாரிடமும் கையை நீட்டமாட்டார். "நீ லீவுன்னா நானும் லீவு" என்பார்.

அந்த விரல்தான் போன வருடம் மரத்தது. முதலில் இடது கால் தரையை இழுத்துக்கொண்டு நடந்தது, பிறகு ஒரு கண்ணில் புகை, பிறகு விரல்கள். டாக்டர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். வீட்டில் யார் வாய்க்குள்ளும் நுழையாத பெயர். உடம்பே தன் நரம்புகளின் மேலுறையைத் தின்றுவிடுகிறதாம். எலெக்ட்ரீஷியனான வீட்டுக்காரருக்கு மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது.

"வயரு மேல இருக்கிற உறை உரிஞ்சிருச்சு. கரண்ட் ஒழுங்கா போகாது, அதானே?"

"ஆமா. இப்படி ஒரு வீட்டுக்குப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வயர மாத்துவேன்," என்றவர், அப்புறம் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

வேலையிடத்தில் அவள் மூச்சு விடவில்லை. காலைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுளுக்கு என்றாள். விரலுக்குப் பதில் கண்ணை வைத்து ஒப்பேற்றினாள். பழைய ஆட்களுக்கு ஞாபகம் கைகொடுத்தது: வாத்தியாருக்கு வலது கை, மச்சத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, உள்பக்கம். கண்ணை மூடும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. அது வெறும் நாடகம் என்று யாருக்குத் தெரியும்? இனிமேல் போகாமல் தடுக்கத்தான் மருந்து, போனதைக் கொண்டுவர இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதெல்லாம் காதில் ஏறினால்தானே! விடிந்தால் விரல் திரும்பிவிடும் என்று ஒவ்வொரு நாளும் முட்டாள்தனமாக நம்பினாள்.

நான்காவது பஞ்சை எடுக்கப் போனவளின் மணிக்கட்டை வாத்தியார் பிடித்தார்.

"எனக்கு அப்பவே நின்னுபோச்சும்மா. இது உன் ரத்தம்."

பார்த்தாள். கையுறையின் ஓட்டை வழியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனியில் ஒரு துளி, அவள் பார்க்கப் பார்க்கப் பெருத்தது. ஊசியை வெளியே உருவும்போது குத்தியிருக்க வேண்டும். வலிக்காத அக்கா! நல்ல பெயர்தான் வைத்தார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு அவளே போய் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பேர் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, அவர் மேசைமேல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும். ஒரு வாரம் லீவு போட்டுட்டு வாம்மா."

"சறுக்கினதே எனக்குத் தெரியல சார். லீவு போட்டா தெரிஞ்சிருமா?"

மறுநாளிலிருந்து முன்பக்கக் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். பெயர் கேட்பது, குப்பிகளில் சீட்டு ஒட்டுவது. நல்ல மனிதர்கள், நாற்காலிக்கு மெத்தைகூடப் போட்டுத் தந்தார்கள். சீட்டு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அழுகை முட்டியது. அழுதால் மட்டும் விரல் திரும்பிவிடுமா என்று அடுத்த சீட்டை ஒட்டினாள்.

அடுத்த மாதம் வாத்தியார் வந்தார். அவள் இடத்தில் ரத்தம் எடுக்க வந்திருந்த புதுப்பெண் இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டுத் திணறினாள். கவுன்டரில் இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"வலது கையில மச்சத்துக்கு ரெண்டு விரக்கடை கீழ, உள்பக்கமா பாரும்மா!"

"அங்கதான் மொதல்ல பார்த்தேன்க்கா. ஒண்ணுமே இல்ல."

அந்த ஒரு குழாயும் அடைத்துப் போயிருந்தது. கடைசியில் புறங்கையில்தான் எடுத்தார்கள். வாத்தியார் மூன்று இடத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டு கவுன்டர் முன்னால் வந்து நின்றார்.

"வலிச்சுதா சார்?"

"வலிச்சுதும்மா," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அவள் குனிந்து வலது கையால் சீட்டை ஒட்டினாள். நிமிர்ந்தபோது, மேசைமேல் கிடந்த அவளுடைய இடது கை விரல்கள்மீது அவர் கை இருந்தது. எப்போது வைத்தார்? பாரம் இல்லை, சூடு இல்லை. பார்த்ததால்தான் தெரிந்தது. அடுத்த ஆள் ரசீதை நீட்டிக்கொண்டு நின்றார். கண்ணை எடுத்தால் அந்தக் கை அங்கே இல்லாமல் போய்விடும் என்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.