மருந்துக்கடை உழவன்

அப்பா மேசையில் அறைந்த அறையில் தராசின் இரண்டு தட்டுகளும் துள்ளின. நான் நிறுத்துக்கொண்டிருந்த காய்ச்சல் பட்டைத் தூள் கொஞ்சம் பலகையில் சிந்தியது. மறுபடியும் முதலிலிருந்து நிறுக்க வேண்டும். காத்திருந்த கப்பல் தச்சன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"டேசி, இதக் கொஞ்சம் வாசி" என்று ஒரு மெல்லிய அச்சுப் புத்தகத்தை அப்பா என் முன்னால் எறிந்தார்.

"நீயே வாசிச்சிட்டியே அப்பா."

"சத்தமா வாசி. நான் ஏதாவது தப்பா படிச்சிட்டேனான்னு தெரியணும்."

நான் கைகளைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். 'எல்லைப்புற உழவன் என்ற பெயரில் ஒருவர் நமக்குப் புத்திமதி எழுதியிருக்கிறார். தான் பிரெஸ்பிட்டேரியன் சபைக்காரர் என்கிறார். வாரம் முழுக்க உழுதுவிட்டு முதல் நாளில் ஓய்ந்திருந்தபோது இந்த யோசனைகள் தோன்றினவாம். ஞாயிற்றுக்கிழமையை முதல் நாள் என்று சொல்லும் பிரெஸ்பிட்டேரியன் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இவருடைய கலப்பையைத் தேட மலைப்பக்கம் போக வேண்டியதில்லை. இதே நகரத்தில், ஏதோ ஒரு குவேக்கரின் சாம்பல் நிறக் கோட்டுப் பைக்குள் அது பத்திரமாக இருக்கும்.' கீழே கையெழுத்து: நடுநிலையாளன்.

தச்சன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "அந்த உழவன் சமாச்சாரமா? துறைமுகம் பூரா அதே பேச்சுதாங்கய்யா. எந்தக் கிறுக்கன் எழுதினான்னு பந்தயம் கட்டியிருக்காங்க. நீங்க யார்னு நினைக்கிறீங்க?"

அப்பா சிந்திய தூளை விரலால் கூட்டத் தொடங்கினார். நான் மூக்கைச் சொறிவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

உழவன் அப்பாதான். அவர் வாழ்நாளில் ஏர் பிடித்ததில்லை. இந்தக் கடையின் பின்னறையில், மலமிளக்கிக் கஷாயம் கொதிக்கும் நேரங்களில், உழவனாக இருந்து எழுதினார். அவருடைய எழுத்தை அச்சுக்கூடத்தில் யாராலும் படிக்க முடியாது என்பதால் நான்தான் நல்ல கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்தேன். அத்தை பிழை பார்த்தாள். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அந்த 'முதல் நாள்' உறுத்தவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றோ வெள்ளி என்றோ யாரும் சொல்வதில்லை. பழைய தெய்வங்களின் பெயர் கிழமைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குவேக்கர்களான எங்கள் சபையில் எல்லோரும் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணித்தான் பேசுவோம். யாருக்கும் தொப்பி கழற்ற மாட்டோம். எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவோம். ஆளுநர் வந்தாலும் நீதான். நீதிமன்றத்தில் சத்தியம்கூடச் செய்ய மாட்டோம், எப்போதும் உண்மையே பேசுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்று. அப்படிப்பட்ட சபையில் ஒருவர் பிரெஸ்பிட்டேரியன் உழவனாக வேடம் போடலாமா என்று அத்தை முதலிலேயே கேட்டாள்.

"வேடம் இல்ல ரேச்சல், குரல மாத்திப் பேசறேன். அவ்வளவுதான்" என்றார் அப்பா.

"சரி உழவா, சாப்பிட வா" என்றாள் அத்தை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

அந்த வருடம் பென்சில்வேனியாவில் எழுதத் தெரிந்த எல்லோரும் எழுதினார்கள். எங்கள் மாகாணம் லண்டனில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பம் தன் நிலத்துக்கு வரி கட்டாது. ஆகவே மன்னரே மாகாணத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளட்டும் என்பது அப்பாவின் கட்சி. மன்னர் கைக்குப் போனால் நமக்குக் கிடைத்திருக்கும் உரிமைச் சாசனமும் போய்விடும் என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் எங்கள் சபையார் இருந்தார்கள். தேர்தல் நெருங்க நெருங்கப் புத்தகங்கள் மழைக்காளான்போல் முளைத்தன. பதிலுக்குப் பதில், அந்தப் பதிலுக்கு விளக்கம், விளக்கத்துக்கு ஏளனம்.

இதெல்லாம் தொடங்கியது போன குளிர்காலத்தில். எல்லைப்புறத்தார் சிலர் ஆயுதங்களோடு போய், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத கொனெஸ்டோகாப் பூர்வகுடிகளை, பிள்ளைகளோடு சேர்த்துக் கொன்றார்கள். பிறகு நகரத்தை நோக்கி வந்தார்கள். அப்பாவின் முதல் புத்தகம் அந்தக் கொலைகளைப் பற்றியது. அதைப் படியெடுக்கும்போது இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தேன். இரண்டாவதில் கொல்லப்பட்டவர்கள் ஒரு பத்தியில் வந்தார்கள். உழவன் புத்தகத்தில் அவர்கள் இல்லவே இல்லை. லான்காஸ்டர் சந்தையில் அவர்களில் ஒரு பெண்ணிடம் நான் வாங்கிய மூடி போட்ட கூடை ஒன்று பின்னறையில் இருக்கிறது. அப்பா தன் அடித்தல் திருத்தல் தாள்களை அதில்தான் போடுகிறார்.

"இந்த நடுநிலையாளன் நம்ம ஆளுதான்" என்றார் அப்பா, தச்சன் போன பிறகு. "நம்ம பேச்சு தெரிஞ்சவன். கண்டுபிடிச்சு சபையில நிறுத்தாம விட மாட்டேன்."

"சபையில நிறுத்தினா நீயும் நிக்கணுமே."

"அது வேற."

அது வேறில்லை. பெரியவர்கள் பார்க்காமல் எங்களில் யாரும் எதையும் அச்சிடக் கூடாது. மீறினால் சபை நடுவே எழுந்து நின்று, தன் எழுத்தைத் தானே கண்டித்து வாசிக்க வேண்டும். நான் அப்பாவுக்காகக் கவலைப்பட்டேன் என்று சொல்ல முடியாது. எனக்கு ஆறாம் நாள்தான் கவலை.

ஆறாம் நாள், அதாவது மற்றவர்களின் வெள்ளிக்கிழமை, சபையின் மாதக் கூட்டம். எனக்கும் ஏனோக்குக்கும் திருமணம் நடக்க வேண்டுமானால் இரண்டு மாதக் கூட்டங்களில் எங்கள் எண்ணத்தைச் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் சொல்லிவிட்டோம். வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறேனா என்று இரண்டு பெண்கள் வந்து விசாரித்தார்கள்; நான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஏனோக்கையும் விசாரித்தார்கள். பாக்கி இருப்பது அப்பாவின் சம்மதம் ஒன்றுதான். அதை அவர் முதல் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் உழவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டு வர லான்காஸ்டருக்குப் போயிருந்தார்.

மூன்றாம் நாள் மதியம் ஏனோக் சாப்பிட வந்தான். மாலுமிகளின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். நெடியவன், எங்கள் வாசல் நிலையில் அவன் தொப்பி எப்போதும் இடிக்கும். என்னிடம் காதல் வார்த்தை என்று அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "உன் பக்கத்துல உக்காந்து போட்டா கணக்கு தப்பறதில்ல." அத்தை அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மேசைக்கு உப்புக்கண்டமும் டர்னிப் கிழங்கும் வந்ததும் அப்பா அந்தப் புத்தகத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏனோக், உனக்குத் தர்க்கம் தெரியும். நடையப் பாத்து ஆள் யாருன்னு சொல்லு."

ஏனோக் அதைத் தொடவில்லை. "உனக்கெதுக்கு இது, காலேப்?"

"எனக்கெதுக்கா? என்னத்தானே கிழிச்சு வெச்சிருக்கான். உழவன் நான்தான்."

"நீயா?"

"ஏன், நம்பற மாதிரி இல்லையா?"

"கையப் பாத்தாலே தெரியல? ஏர் பிடிச்ச கை" என்றாள் அத்தை.

ஏனோக்கின் காதுகள் சிவப்பதை நான் பார்த்தேன். முதலில் மடல், பிறகு முழுக் காதும். அவன் கத்தியை வைத்தான். பிறகு முள்கரண்டியை வைத்தான். இரண்டையும் நேராக்கினான். பொய் சொல்லத் தெரியாதவன் என்றுதான் அவனை எனக்குப் பிடித்தது. அந்த நிமிடம் அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

"அத எழுதினது நான்" என்றான்.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "என் உப்பத் தின்னுகிட்டே."

"எழுதும்போது நீன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

ஏனோக் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அந்தக் கோட்டுப் பை வரிய எடுத்திருப்பேன்" என்றான். "மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

அத்தை மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தாள்.

"ஆறாம் நாள் சம்மதம் சொல்ல நான் எழுந்திருக்கறதா இல்ல" என்றார் அப்பா.

"ஏன்னு கேப்பாங்களே. என்ன சொல்லுவ? உழவன் கோவமா இருக்கான்னா?" என்றாள் அத்தை.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். ஏனோக் பக்கம் திரும்பி, மன்னரிடம் போனால் சாசனம் போய்விடும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஏனோக் சொன்னான். அது தப்பு என்றார். எப்படித் தப்பு என்றான். டர்னிப் ஆறியது. வரி, நிலம், லண்டன், மறுபடியும் வரி. என் கல்யாணம் அந்தத் தட்டுகளுக்கு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் நான் எழுந்து போனேன். இருவரும் கவனிக்கவில்லை. கதவருகே நின்று திரும்பிப் பார்த்தேன். அப்போதும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா ஒரு கட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். 'நடுநிலையாளனுக்கு உழவனின் இறுதிப் பதில்.' இரவெல்லாம் எழுதியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் படியெடுத்துவிடு என்றார். அவர் சரக்கு எடுக்கக் கிடங்குக்குப் போனதும் ஏனோக் வந்தான். அவன் கையிலும் ஒரு கட்டு இருந்தது.

"அச்சுக்காரனுக்கு என் கையெழுத்து தெரியும். அவன் பிள்ளைக்கு நான்தான் பாடம் சொல்றேன்" என்றான்.

"போன தடவ யார் எழுதிக் குடுத்தா?"

"இடது கையால நானே எழுதினேன். ரொம்பக் கஷ்டப்பட்டேன், டேசி." இரக்கத்துக்குரிய முகத்தோடு சொன்னான்.

நான் இரண்டு கட்டுகளையும் வாங்கினேன். கூடையைத் திறந்து உள்ளே போட்டு, மூடி, அதன் மேல் உட்கார்ந்தேன். அப்பாவும் கிடங்கிலிருந்து வந்துவிட்டார்.

"நான் எழுத மாட்டேன்" என்றேன். "ஆறாம் நாள் நீ எழுந்து சரின்னு சொல்லணும். ஏனோக், நீ உழவனப் பத்தி வாயத் திறக்கக் கூடாது. அதுக்கப்பறம்தான் எதுவும்."

நான் அவ்வளவு பேசி இருவருமே கேட்டதில்லை.

"வர்ற இரண்டாம் நாளே தேர்தல்!" என்றார் அப்பா, ஏதோ எனக்குத் தெரியாததுபோல்.

"அப்ப எனக்கு முன்னாடி அவருக்குப் படியெடுப்பியா?" என்று கேட்டான் ஏனோக்.

நான் கூடையை விட்டு எழவில்லை. கடைசியில் அப்பா எழுந்து சம்மதம் சொல்வதாகவும், ஏனோக் உழவன் யாரென்று எங்கும் மூச்சு விடுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார்கள். கைகுலுக்கிக்கொள்ளச் சொன்னேன். வேண்டாவெறுப்பாகக் கை கொடுத்தார்கள்.

ஆறாம் நாள் வெயில் நன்றாக இருந்தது. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் ஏனோக், நடுவில் நான், முன்னால் அத்தை. சந்தை முனை வரை யாரும் பேசவில்லை. அங்கே ஒரு சுவரில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்து, "இதுல பாதி பேர் ஜெயிக்க மாட்டான்" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல். "எந்தப் பாதி?" என்றான் ஏனோக். அவ்வளவுதான். என் தலைக்கு மேலே ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரத்தில் வசதியில்லை என்று அப்பா எனக்குப் பின்னால் சுற்றி ஏனோக் பக்கம் போய்விட்டார்.

சபைக் கூடத்து வாசலில் நானும் அத்தையும் திரும்பினோம். அவர்கள் திரும்பவில்லை. தெருவில் நேராக நடந்துகொண்டே போனார்கள். ஒரே உயரமில்லாத இரண்டு அகலத் தொப்பிகள், ஒரே வேகத்தில். அப்பாவின் விரல் காற்றில் எதையோ குத்திக்கொண்டிருந்தது.

"கூப்பிடேண்டி" என்றாள் அத்தை.

வாயைத் திறந்தேன். தெருவில் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றைக்கும் வரவில்லை. காவலிருந்த பெரியவர் கதவில் கை வைத்தபடி எங்களையே பார்த்தார். உள்ளே போனோம்.

முன்வரிசைப் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்தேன். இரு பக்கமும் காலி. ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் பலகைகளை மேலே தூக்கி, கூடத்தை ஒன்றாக்கியிருந்தார்கள். எதிரே மேடையில் பெரியவர்கள், மடியில் கைகள். எழுத்தர் ஓபதியா பேனாவைச் சீவி வைத்துக்கொண்டார். பிறகு மௌனம் தொடங்கியது. எங்கள் மௌனத்தில் துணி உரசினால்கூடக் கேட்கும். வெயிலுக்காக ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு வண்டி போனது. ஒரு நாய் குரைத்து நிறுத்தியது. அதற்குப் பிறகு, தெருக்கோடியிலிருந்து, அவர்கள் திரும்பி வருவது கேட்டது.

"...உழவன்னு எழுதினா உனக்கென்ன? நீ மட்டும் நடுநிலையாளன்னு எழுதலயா? எந்த நடுவுல நின்ன நீ?"

"நான் கலப்ப வெச்சிருக்கேன்னு சொல்லலயே, காலேப்!"

"மெதுவா பேசு. யாராவது கேக்கப் போறாங்க!" இது அப்பா, உள்ளதிலேயே உரத்த குரலில்.

கூடத்தில் ஒரு தொப்பிகூடத் திரும்பவில்லை. மேடையில் யாருக்கோ இருமல் வந்தது. அவர் அதை விழுங்கினார். ஓபதியா மைக்கூட்டின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். என் விரல்களில் போன மாதத்து மைக்கறை இன்னும் போகவில்லை. அவற்றை மடிக்குள் ஒளித்துக்கொண்டேன்.

படியில் காலடிகள் ஏறின. கதவு திறந்ததும் இருவரும் சட்டென்று அடங்கி, நல்ல பிள்ளைகளாகக் நுனிக்காலில் நடந்து வந்து, என் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஜன்னல்கள் திறந்திருப்பதை முதலில் பார்த்தது ஏனோக். அவன் காதுகளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெரியும்.

ஓபதியா வெகுநேரம் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"காலேப்" என்றார். "நீ ஏதோ சொல்லணும்னு வந்திருக்க. சொல்லு."

அப்பா எழுந்தார். எழும்போது அவர் கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாள் நழுவித் தரையில் விழுந்து விரிந்தது. கூடையில் இருக்கும் கட்டு அல்ல, புதிது. ஏனோக் குனிந்து அதை எடுத்தான். மடித்துக் கொடுக்கத்தான் எடுத்தான். ஆனால் அவன் கண் முதல் வரிக்குப் போனது. அந்தக் கிறுக்கலிலிருந்து இரண்டாவது வரியைப் பிரித்தெடுக்க முயன்றது. அவன் உதடுகள் அசையத் தொடங்கின.

அப்பா வாயைத் திறந்தார். நான் மடியிலிருந்து கையை எடுத்து, ஏனோக் பிடித்திருந்த அந்தத் தாளின் மேல், மைக்கறையோடு ஐந்து விரல்களையும் விரித்து வைத்தேன்.