அலமாரிக் கதவுக்குப் பதினொரு நொடி

1.

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. பாராட்டியவன் நான். அது தப்பான பாராட்டு என்பது நாற்பது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குடைய வேண்டாம்.

என் அக்கா பேய்ப்படங்களை வெட்டி ஒட்டுகிறவள். எடிட்டர். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. சினிமாக்காரர்கள் மத்தியில் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர். கத்திரியை அவள் தொட்டதே இல்லை, எல்லாம் கணினிதான், ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் கதை எழுதுகிறவன். எங்கள் இருவரில் யார் பெரிய புளுகுணி என்பது வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "கதவு மூடிக்கொண்டது. உள்ளே அவள் மட்டும்" (வேண்டாம். பேய்க்கதை எழுதுகிற அத்தனை பேரும் இந்தக் கதவை மூடியாகிவிட்டது.)

இரண்டாவது: "பயம் என்பது மனித மனத்தின் ஆதி" (இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

மூன்றாவதை அக்கா படித்தாள். "ரெண்டு பக்கம் போச்சு, இன்னும் ஒரு ஆள்கூட ரூமுக்குள்ள வரலையேடா" என்றாள். ஆகவே ரூமுக்குள் போவோம்.

2.

மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. ஒரே ஜன்னல், அதில் கறுப்புத் துணி, துணி காயப்போடும் கிளிப்புகளால் மாட்டியது. இரண்டு திரைகள். கைப்பிடியில் டேப் சுற்றிய சுழல் நாற்காலி அக்காவுக்கு. பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சோபா, நடுவில் நன்றாகக் குழிந்தது. எத்தனையோ பேர் பயந்து அமுங்கிய குழி அது என்பாள் அக்கா.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்தக் காட்சியையும் முதலில் ஒலியை அணைத்துவிட்டுத்தான் வெட்டுவாள். பேய்ப்படத்தில் பாதி வேலை சத்தத்தினுடையது என்று ஊரே சொன்னாலும் கேட்கமாட்டாள். "சத்தம் வச்சா எல்லாமே பயமாத்தான்டா இருக்கும். டம்ளர் உருண்டாக்கூடத் தூக்கிவாரிப் போடும். வாயை மூடிட்டு எது பயமுறுத்துதோ அதுதான் சரக்கு."

துள்ள வைப்பது பெரிய காரியமில்லை. பின்னால் வந்து காதில் கத்தினால் யாரும் துள்ளுவார்கள். அவள் செய்வது வேறு. ஒரு ஷாட்டை எங்கே வெட்டவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறதோ, அதற்கு அரை நொடி தள்ளி வெட்டுவாள். அந்த அரை நொடியில் பார்க்கிறவர் 'ஏன் இன்னும் இதையே காட்டுகிறார்கள்?' என்று திரையின் மூலைகளைத் துழாவத் தொடங்குவார். அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லாத இடத்தில் அவரே ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார், தன் வீட்டிலிருந்து.

ஆனால் இருநூறு தடவை பார்த்த காட்சி அவளையே பயமுறுத்தாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அவளுக்குப் புதுக்கண் தேவை. ஒரு கண் ஒரு தடவைதான் பயன்படும். இந்தப் படத்தின் முதல் பாதிக்கு அத்தானைச் செலவழித்துவிட்டாள்.* அலமாரிக் காட்சிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

(* அத்தான் பயந்தால் அலறுகிறவர் இல்லை, தூங்கிவிடுவார். அவர் எங்கெங்கே தூங்கினார் என்று அக்கா குறித்து வைத்துக்கொள்வாள். அந்த இடங்களில் அவள் மறுபடி கை வைப்பதில்லை.)

3.

காட்சி இதுதான். கதாநாயகி ஓடிவந்து அலமாரிக்குள் ஒளிகிறாள். வெளியே யாரோ நடக்கிறார்கள். அலமாரிக்குள் ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தி அவள் முகத்தை ஏழு முறை எடுத்திருந்தார்கள். நடித்தவள் புதுமுகம், இதுதான் முதல் படம். அவளை இனிப் புதுமுகம் என்றே சொல்கிறேன்.

ஏழில் ஐந்தாவதை அக்கா கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாள். (காதை மூடிக்கொண்டு என்று எழுதியிருக்கவேண்டும். இருக்கட்டும், அடிக்கவில்லை.) அதில் புதுமுகம் இமைக்கவே இல்லை. வாய் திறந்தது, எந்த அழகும் இல்லாமல். நகம் பலகையைப் பிறாண்டியது. நான் சோபாக் குழியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"பிரமாதம்கா! அந்தப் பொண்ணு என்னமா நடிக்குது!"

அடுத்து வந்த டைரக்டரும் பார்த்தார். தொடையில் ஓங்கித் தட்டினார். "கத்திரி, இது போதும்மா. இந்த ஒரு முகத்துக்கே ஜனம் வரும்" என்று சொல்லிவிட்டு, படி இறங்கும்போது சீட்டியடித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகுதான், தன் வழக்கப்படி, அக்கா ஒலியைத் திறந்தாள்.

"லைட் அண்ணா... கதவு மாட்டிக்கிச்சு. நடிக்கல அண்ணா. மூச்சு முட்டுது. யாராவது கதவத் தொறங்க."

முப்பத்தெட்டு நொடி. வெளியே இருந்த எல்லாரும் நடிப்பு என்று நினைத்து, மூச்சுவிடாமல், மரியாதையாக நின்றிருக்கிறார்கள்.

4.

(இந்தப் பகுதி மூடியிருக்கிறது. ஒலியைக் கேட்டதும் அக்கா என்ன செய்தாள் என்பது இதற்குள் இருந்தது. ஏன் மூடினேன் என்று ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.)

5.

மறுநாள் காலை புதுமுகத்துக்கு அக்கா போன் செய்தாள். விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சாவதுதானே மேடம்? அத வேணாம்னு அன்னைக்கே சார்கிட்ட சொன்னேன். சரின்னு தலையாட்டினாரு."

"எங்கிட்ட யாரும் சொல்லலம்மா. தப்பு என்னுதுதான். சத்தத்தைக் கேட்காமலே எடுத்து வச்சுட்டேன்."

"அதுல இருக்கிறது நான் மேடம். அந்தப் படத்துப் பொண்ணு இல்ல. எங்கம்மா தியேட்டர்ல உக்காந்து அதப் பாக்கக் கூடாது."

"நான் வெட்டுற வரைக்கும் அது படத்துல போகாது. இது என் வாக்கு" என்றாள் அக்கா. வாக்கு கொடுப்பது சுலபம். படத்தின் மேல் அவளுக்கு ஒரு உரிமையும் கிடையாது.

இங்கே டைரக்டர் வரவேண்டும். அவர் விஷயத்தில் நான் ரொம்பத் தடுமாறினேன். முதல் வரைவில் அவரை வில்லனாக்கி, மீசையை முறுக்கவிட்டிருந்தேன். அவருக்கு மீசையே கிடையாது. யாராவது தும்மினால்கூட "உடம்பு சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு கேட்கிற மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

"மாட்டிக்கிட்டது எனக்கும் தெரியும்மா" என்றார் அவர். "அப்புறம் தண்ணி குடுத்து, உக்கார வச்சு, மன்னிப்பும் கேட்டேன். ஆனா அதான் நல்லா வந்திருக்கே! குரலை மாத்திடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரியும் சார்."

"படத்துலயே நல்லா வந்த இடம் அது. அத எப்படிம்மா தூக்கிப்போட முடியும்?" கொஞ்சம் யோசித்தார். "சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதைவிட நல்லதா ஒண்ணு காட்டு, எடுத்துடறேன். இல்லன்னா அதுதான். உனக்கு மனசு வரலைன்னா வேற ஆள் வெட்டட்டும், நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்."

பதினாறு வருடத்தில் ஒரு படம்கூட அவள் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போனதில்லை. அக்கா தலையாட்டிவிட்டு நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

6.

நான்காம் பகுதிக்கு வருகிறேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்தக் குரலைக் கேட்டபோது அறையில் அவளோடு இருந்தது நான் மட்டும்தான். அக்காவை அப்படி நான் பார்த்ததில்லை, அவள் கல்யாணத்தில்கூட, அப்பா போனபோதுகூட. எழுதி முடித்ததும் நானே மூன்று தடவை படித்தேன். தான் எழுதியதைத் தானே திரும்பப் படித்தால் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம், எழுதுகிறவர்களுக்கு இது தெரியும்.

அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இத எடுத்துடு."

"ஏன்க்கா? கதையிலேயே நல்லா வந்த இடம் இது. இத எப்படித் தூக்கிப்போட"

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. யார் குரலில் பேசுகிறேன் என்று எனக்கே கேட்டுவிட்டது. அக்கா பேனாவை நீட்டினாள். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

சரி, எடுத்த இடத்தில் எதை வைப்பது? படம் வெட்டிய அந்த வாரம் அவளுடைய கேள்வியும் அதுதான். மூன்று நாள் ஏழு டேக்கையும் உருட்டினாள். நடித்த பயமெல்லாம் ஐந்தாவதற்குப் பக்கத்தில் பல்லிளித்தது. வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே, இரண்டாவது டேக்கின் தலைப்பகுதியைப் பார்த்தாள். டைரக்டர் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் கேமரா சும்மா ஓடுகிற நேரம். யாரும் பார்க்காத குப்பை அது. அதில் புதுமுகம் எதுவும் செய்யவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, வெளியிலிருந்து எப்போது குரல் வரும் என்று காது கொடுத்துக் காத்திருந்தாள். மூன்று நொடி.

அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள்.

முதலில் வெளியிலிருந்து மூடிய அலமாரிக் கதவு. பிறகு அந்த மூன்று நொடி முகம். பிறகு மறுபடி கதவு. இந்தக் கதவை அரை நொடி இல்லை, பதினொரு நொடி பிடித்து வைத்தாள். ஒன்றும் அசையாது. யாரும் கத்தமாட்டார்கள். கதவுகளுக்கு நடுவில் வைத்ததும் அந்தக் குப்பை முகம் காலடிச் சத்தம் கேட்கிற முகமாகிவிட்டது. இதைச் செய்து முடித்தபோது அவள் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "மாட்டினாரு." டைரக்டரைத்தான் சொன்னாள்.

புதுமுகத்துக்கும் போன் போட்டாள்.

"நீங்க நடிக்காதபோது எடுத்ததுதான் இதுவும். அதனால கேட்கிறேன்."

"அதுல நான் என்ன பண்ணிட்டு இருக்கேன் மேடம்?"

"சும்மா காத்துட்டு இருக்கீங்க."

மறுபக்கம் சிரிப்புச் சத்தம். "அது பரவால்ல. தாராளமாப் போடுங்க."

"நாளைக்கு வாங்க. நீங்களும் பாக்கணும்."

7.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சோபாவின் நடுவில் டைரக்டர், ஓரத்தில் நான். பின்னால், கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள் புதுமுகம். உட்காரச் சொன்னோம், கதவுப் பக்கமே இருக்கிறேன் என்றுவிட்டாள்.

நேர்மையாக இருக்கவேண்டும் என்று அக்கா முதலில் பழையதையே போட்டாள், ஒலியோடு. புதுமுகம் திரையைப் பார்க்காமல் ஜன்னல் துணியின் கிளிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு நொடியும் டைரக்டர் அசையாமல், கன்னத்தில் கைவைத்து, ஒரு நல்ல ஓவியத்தைப் பார்க்கிறவரைப்போல் ரசித்தார். "யாராவது கதவத் தொறங்க" என்ற குரல் வந்தபோது மெல்லத் தலையை ஆட்டினார்.

பிறகு புதியது. கதவு. முகம். கதவு.

ஐந்தாவது நொடியில் கன்னத்திலிருந்த கை இறங்கியது. ஏழாவதில் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். ஒன்பதாவதில், தான் பேசுகிறோம் என்றே தெரியாமல், அவர் வாய்விட்டுச் சொன்னார்:

"யாராவது கதவத் தொறங்கப்பா!"

பத்து. பதினொன்று. திரை இருண்டது.

அவர் திரும்பவில்லை. பின்னால் நின்றவள் அதைக் கேட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அவர் பின்கழுத்து சிவப்பதை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அக்காவின் மேல் அவ்வளவு பெருமை.

இதற்குமேல் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் எழுந்து, அந்த டேக் படத்தில் வராது என்று அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டியதைப் புதுமுகத்திடம் சொல்கிறார். இன்னொன்றில் "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று முனகிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வேறு எடிட்டரைத் தேடிப் போகிறார். இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும், எழுதியும்விட்டேன்.

அக்கா பேனாவை எடுத்து இரண்டையும் அடித்தாள். "இதுக்கு மேல ஒரு ஃபிரேம்கூட வேணாம்டா. விடு, அவங்க உக்காந்து பார்க்கட்டும்."

பதினாறு வருட அனுபவம், நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆகவே கடைசி ஷாட்டை அவள் சொன்னபடியே வைக்கிறேன். மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒரு மூடிய கதவு. உள்ளே நாங்கள் நான்கு பேர், இன்னும் யாரும் பேசவில்லை. நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். பதினொன்று வரை எண்ணுங்கள். தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.